கண்புரைச் சத்திரசிகிச்சை: நோயாளர் வினாவும் விடையும்

ஐம்பொறிகளுள்ளே கண் தலைசிறந்தது என்பது யாவரும் ஒப்பிய உண்மை. மெய்யும் வாயும் மூக்கும் தம்மை வந்தடைந்த பொருளையே அறிவன. கண்ணோ வானத்து மீனையும் வரம்பிற் கிடக்கும் புல்லையும் ஒருங்கே அறிய வல்லது. அத்தகைய கண் பழுதுற்றால் வாழ்வின் பெரும்பகுதி இருளடைந்து விடுகின்றது. 'கண்கெட்ட பின்னர்ச் சூரிய நமஸ்காரம் எதற்கு?' என்னும் பழமொழி, போன பார்வை மீளாது என்னும் அனுபவத்திற் பிறந்ததாகும். ஆயினும் முதியோரிடையே மிகப் பரவலாகக் காணப்படும் கண்நோய் ஒன்றுக்கு அப்பழமொழி பொருந்தாது. அந்நோயே கண்புரை. அதனால் மறைந்த பார்வையை மீட்கலாம், மீட்டும் வருகின்றனர். அவ்வாறிருந்தும், மீட்கத்தக்க பார்வையை மீட்காமலே திண்ணையின் மூலையிற் காலங்கழிக்கும் முதியோர் நம்மிடையே பலர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, கண்புரையினாற் குருடராகவோ பார்வை பெரிதும் குறைந்தவராகவோ உள்ளோர் உலகெங்கும் ஏறத்தாழ 94 மில்லியன் மக்களாவர்.

முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பிரிவிலுள்ள மல்லாவியை இங்கு எடுத்துக்கொள்வோம். வவுனிக்குளத்து நீரால் விளையும் வயல்கள் சூழ்ந்த ஊர் அது. குடியேற்றக் காலத்திற் காடு வெட்டிக் கழனியாக்கிய தலைமுறை இன்று முதுமையை எய்திவிட்டது. 1995, 1996ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்தோர்க்கு இடங்கொடுத்த ஊரும், 2008இல் தானே இடம்பெயர்ந்து 2009இன் பின்னர் மீளக் குடியேறிய ஊரும் அதுவே. இத்தகைய ஊரில் வாழும் முதியவர் ஒருவர்க்குக் கண் மங்கினால், அவர் மனத்தில் எழும் ஐயங்கள் பல. அவற்றை வைத்தியரிடம் கேட்க அவர் கூசுகின்றார்; அயலாரிடம் கேட்டுப் பாதி உண்மையும் பாதி அச்சமும் பெறுகின்றார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நோயையும் மருந்தையும் தாய்மொழியில் விளக்க இயலும் என்பதற்கு அது போதிய சான்று. அந்நெறியிலே, நோயாளர் வழக்கமாகக் கேட்கும் வினாக்கள் சிலவற்றுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கண்புரை என்பது யாது?

கண்ணின் நடுவே கருமணியாகத் தோன்றுவது ஒரு துவாரமேயன்றிப் பொருள் அன்று. அதனைச் சூழ்ந்துள்ள நிறத்திரை கதிராளி எனப்படும். அதற்குப் பின்னே பளிங்கு போன்ற விழிவில்லை ஒன்று, மெல்லிய உறையினுள் அமைந்துள்ளது. அதன் விட்டம் 9 முதல் 10 மில்லிமீற்றர் வரை. தடிப்பு 4 முதல் 5 மில்லிமீற்றர் வரை. வெளியிலிருந்து வரும் ஒளியைக் குவித்து, கண்ணின் பின்புறத்துள்ள விழித்திரையில் உருவம் தெளிவாக விழச் செய்வது அதன் தொழில்.

இவ்வில்லை நீராலும் புரதத்தாலும் ஆனது. புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் வரை வில்லை தெளிவாயிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை குலைந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன, வில்லை மங்குகின்றது. பச்சை முட்டையின் வெண்கரு ஒளியை ஊடுருவ விடுகின்றது. அவித்த முட்டையின் வெண்கரு விடுவதில்லை. இரண்டும் ஒரே பொருளே. புரதத்தின் நிலை மட்டுமே மாறியது. கண்புரையும் இத்தன்மைத்தே.

ஆகவே கண்புரை என்பது கண்ணின் மேல் வளரும் தோல் அன்று. கண்ணின் வெண்பகுதியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வது வேறு நோய். கண்ணிற் பூ விழுதல் என்று கூறப்படுவது கண்ணின் முன்புறத்துக் கருவிழிப் படலத்தில் உண்டாகும் வெண்தழும்பு. நாற்பது வயதின் பின்னர்ச் சிறிய எழுத்து மங்கும் வெள்ளெழுத்து, கண்ணாடி அணியத் தீர்வது. இவை யாவும் ஒன்றெனக் கொள்வதாலேயே, ஒருவர் பெற்ற சிகிச்சை மற்றவர்க்கு ஏன் உதவவில்லை என்னும் மயக்கம் உண்டாகின்றது.

2. அதனை அறிவது எவ்வாறு?

கண்புரை நோவின்றி மெல்ல மெல்ல வருவது. பனிமூட்டத்தினூடே பார்ப்பது போன்ற மங்கல். இரவில் எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளி சிதறிக் கண்ணைக் கூசச் செய்தல். நிறங்கள் வெளிறி மஞ்சள் படிந்தாற்போலத் தோன்றுதல். ஒரு கண்ணாற் பார்க்கும்போதும் பொருள் இரண்டாகத் தெரிதல். கண்ணாடியை அடிக்கடி மாற்ற வேண்டியிருத்தல் ஆகியன அதன் குறிகள். சிலர் பல்லாண்டுகளாக அணிந்த வாசிப்புக் கண்ணாடி இன்றியே திடீரென வாசிக்கத் தொடங்குவர். இளமைப் பார்வை திரும்பியது என மகிழ்வர். உண்மையில் வில்லை தடித்து அதன் வலு மாறியதே அதற்குக் காரணம். அம்மகிழ்ச்சி நெடுநாள் நில்லாது.

முதுமையே தலையாய காரணம். நீரிழிவு, கண்ணில் அடிபடுதல், ஸ்ரீரொயிட் வகை மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்ளுதல், புகைபிடித்தல், கடும் வெயிலின் ஊதாக் கடந்த கதிர்கள் ஆகியனவும் அதனை விரைவுபடுத்துவன. வெயிலில் வயல் வேலை செய்வோர் அகன்ற தொப்பி அணிவது இதனாலும் நன்று.

3. மருந்தினாற் கரைக்க இயலாதா?

இயலாது. அவித்த முட்டையை மீண்டும் பச்சை முட்டையாக்கும் மருந்து எவ்வாறு இல்லையோ, அவ்வாறே மங்கிய வில்லையைத் தெளிவாக்கும் சொட்டு மருந்தும் குளிகையும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. நந்தியாவட்டைப் பூவின் சாறு, தேன், தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அவை கண்ணின் உள்ளே இருக்கும் வில்லையைச் சென்று சேர்வதில்லை. அன்றியும், தூய்மையற்ற சாறு கருவிழிப் படலத்திற் கிருமியைச் சேர்த்துப் புண்ணாக்கிவிட்டால், தீரக்கூடிய நோயோடு தீராத தழும்பும் வந்து சேரும். கண்புரைக்குச் சத்திரசிகிச்சை ஒன்றே வழி.

4. நன்றாக முற்றும் வரை காத்திருக்க வேண்டுமா?

இது நோயாளர் கேட்கும் வினாக்களுள் மிக முதன்மையானது. 'இன்னும் முற்றவில்லை, முற்றட்டும்' என்னும் அறிவுரை பொய்யாகப் பிறந்தது அன்று. முற்காலச் சத்திரசிகிச்சைக்கு அது பொருந்தியது. அதனை உணரச் சிகிச்சையின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

பண்டை இந்தியாவிற் சுசுருத சங்கிதை கூறிய முறை, கூரிய கருவியொன்றைக் கண்ணிற் செலுத்தி, மங்கிய வில்லையைப் பார்வையின் வழியிலிருந்து விலக்கி விடுதலாகும். ஒளி உட்புக வழி பிறந்தது. ஆனால் விலக்கிய வில்லை கண்ணினுள்ளேயே கிடந்தது. பின்னர் அழற்சியாற் கண்ணிழந்தோர் பலர். 1747இற் பிரான்சு நாட்டு வைத்தியர் தாவியேல், வில்லையைக் கண்ணுக்கு வெளியே எடுக்கும் முறையைக் கைக்கொண்டார். தமிழகத்திலே, 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர், கண்நோயாளர் பற்றிய குறிப்புகளை வண்ணப் படங்களோடு எழுதுவித்துப் பேணினார். அவை சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. 1819இற் சென்னையிற் கண் வைத்தியசாலை நிறுவப்பட்டது.

வெளியே எடுக்கும் முறை வந்த பின்னரும், நெடுங்காலம் பெரிய வெட்டே தேவைப்பட்டது. தையல் நுட்பம் வளராத காலத்தில் நோயாளர் தலையின் இருமருங்கும் மணல்மூட்டை வைத்து, அசையாது பல நாள் மல்லாந்து கிடந்தனர். முற்றிய வில்லையை வெளியேற்றுவதே அன்று எளிதாயிருந்தது. ஆதலின் வைத்தியரும் முற்றும் வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

இன்று நிலை வேறு. முற்றாத வில்லையே மென்மையானது; எடுக்க எளிது. நெடுநாள் விட்டுவைத்தால் வில்லை கல்லைப் போல இறுகும், சிகிச்சை கடினமாகும். சிலர்க்கு வில்லை வீங்கிக் கண்ணின் நீரோட்டத்தை அடைக்கும். வேறு சிலர்க்கு உறையினின்று புரதம் கசிந்து அழற்சியை உண்டாக்கும். அவ்வேளை கண்ணினுள் அழுத்தம் ஏறி, கடும் நோவும் சிவப்பும் தோன்றிப் பார்வை நரம்பு கெடும். அதன் பின்னர்ச் சத்திரசிகிச்சை செய்தாலும் பார்வை முழுவதும் திரும்பாது. அப்பொழுது மேற்கூறிய பழமொழி மெய்யாகிவிடும்.

அவ்வாறாயின் எப்பொழுது செய்தல் தகும்? பார்வைக் குறைவு தம் அன்றாட வேலைக்கு இடையூறாகின்றது என்று நோயாளர் உணரும் காலமே தக்க காலம். நுண்ணிய வேலை செய்பவர்க்கு அது முன்னரே வரும். பிறர்க்குச் சிறிது பின்னர் வரும். எக்காலம் என்பதை வைத்தியரும் நோயாளரும் கூடி முடிவு செய்தல் வேண்டும்.

5. கண்ணை வெளியே எடுத்து வைப்பார்களா? நோகுமா?

கண்ணை வெளியே எடுப்பதில்லை. அது முற்றிலும் தவறான எண்ணம். இறந்தோர் அளித்த கண்ணை வைப்பதும் இல்லை. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம், 1964இற் சிங்கப்பூருக்கு அனுப்பத் தொடங்கிப் பல நாடுகளுக்கும் வழங்கி வருவது கருவிழிப் படலமாகும். அது பூ விழுந்த கண்ணுக்கு உதவுவது, கண்புரைக்கு வேண்டியதன்று.

முழு மயக்கமும் பெரும்பாலும் தேவையில்லை. குழந்தைகளுக்கும் அசையாது படுக்க இயலாதார்க்குமே அது வேண்டப்படும். ஏனையோர்க்கு விறைப்புச் சொட்டு மருந்தோ, கண்ணின் அருகே விறைப்பூசியோ போதும். ஊசி குத்தும்போது சிறு நோவு தோன்றலாம். பின்னர்க் கண்ணைத் தொடுவதும் அழுத்துவதும் உணரப்படுமேயன்றி, வெட்டும் நோவு உணரப்படாது. வெளிச்சமும் நிறங்களும் அசையக் காணலாம். கருவி வருவது தெளிவாகத் தெரியாது.

சிகிச்சை வழக்கமாக 15 முதல் 30 நிமிடங்களில் முடிவுறும். கண்மணியை மருந்தால் விரித்து, கிருமிநாசினியாற் கழுவி, நுண்ணோக்கியின் கீழ்ச் சிறு துளையிடுவர். வில்லையின் உறையில் வட்டமான வாயில் அமைத்து, உள்ளிருக்கும் மங்கிய பகுதியை அகற்றுவர். உறையின் பின்புறத்தை வைத்துக்கொண்டு, அதற்குள் செயற்கை வில்லையை அமர்த்துவர். முறைகள் இரண்டு பெருவழக்காக உள்ளன. ஒன்று, 2 முதல் 3 மில்லிமீற்றர் துளையினூடே நுண்ணொலி அதிர்வினால் வில்லையை உடைத்து உறிஞ்சுதல். அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் கெல்மன், பல் வைத்தியரின் அதிர்வுக் கருவியைக் கண்டு எண்ணம் பெற்று, 1967இல் இதனை அறிமுகஞ் செய்தார். மற்றொன்று, ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலத்தில், கண்ணின் வெண்படலத்திற் சாய்வான சுரங்கவழி அமைத்து, வில்லையை முழுமையாக வெளிக்கொணர்தல். அவ்வழி தானே மூடிக்கொள்ளுமாதலின் இரண்டிலும் பெரும்பாலும் தையல் வேண்டியதில்லை. நுண்ணொலி முறையைப் பலர் 'லேசர்' என்பர். அது லேசர் அன்று. நன்கு இறுகிய புரைக்கு இரண்டாவது முறையும் தக்க பயனளிப்பது. 'மலிவானது, ஆதலின் தாழ்ந்தது' என்று எண்ணுதல் தவறு.

6. உள்ளே வைக்கும் வில்லை உடம்புக்கு ஒவ்வுமா? எத்தனை ஆண்டு நிலைக்கும்?

இவ்வினாவுக்கு விடை போரின் நடுவிலே கிடைத்தது என்பது வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்ணுள், உடைந்த விமானக் கூண்டின் பிளாஸ்ரிக் துண்டுகள் புகுந்து தங்கின. அவை கண்ணுக்கு ஊறு செய்யாது கிடந்ததை ஆங்கில வைத்தியர் ஹரோல்ட் றிட்லி கவனித்தார். அத்தகைய பொருளால் வில்லை செய்து, 1949 நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் நோயாளர் ஒருவரின் கண்ணிற் பொருத்தினார். முதலில் மருத்துவ உலகம் அவரை எதிர்த்தது, பின்னர் ஏற்றது.

அதற்கு முன் வில்லை அகற்றப்பட்டவர் புட்டியின் அடி போன்ற தடித்த கண்ணாடி அணிந்தே வாழ வேண்டியிருந்தது. அக்கண்ணாடி பொருளைக் கால்வாசிக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். பக்கப் பார்வையை மறைக்கும். படியில் இறங்கும்போது கால் தடுமாறும். அத்தகைய பாட்டனாரைக் கண்டு வளர்ந்தோர் சத்திரசிகிச்சைக்கு அஞ்சுவது இயல்பே. ஆனால் அவர்கள் அஞ்சுவது இன்று வழக்கொழிந்து வரும் ஒரு சிகிச்சைக்காகும்.

இன்றைய வில்லை வாழ்நாள் முழுவதற்கும் போதும். அது தேய்வதில்லை, மாற்ற வேண்டியதுமில்லை. அதன் விலை முன்னர் ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது. மதுரையில் வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, 1992இல் ஓரோலாப் என்னும் தொழிற்சாலையை அமைத்து வில்லையைக் குறைந்த விலையில் ஆக்கத் தொடங்கியது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் சத்திரமேந்திப் பல்லாயிரவர்க்குப் பார்வை கொடுத்தவர் அவ்வைத்தியர். 2006இல் அவர் மறைந்தார். அவர் வகுத்த வழி நிலைத்து நிற்கின்றது.

7. சிகிச்சைக்கு முன்னர் வைத்தியரிடம் கூற வேண்டியவை யாவை?

முன்னதாகக் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்தே வில்லையின் வலுவைத் துணிவர். கண்ணின் நீளம் சராசரி 23 முதல் 24 மில்லிமீற்றர் வரை. இவ்வளவில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலும் பின்னர்த் தடித்த கண்ணாடி வேண்டியிருக்கும். ஆதலின் அளக்கும்போது பொறுமையாக ஒத்துழைத்தல் வேண்டும். கண்ணழுத்தம், குருதியமுக்கம், குருதியிலுள்ள வெல்லத்தின் அளவு ஆகியனவும் சோதிக்கப்படும்.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் கையோடு கொண்டு செல்க. குருதி உறையாதிருக்கக் கொடுக்கும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. வைத்தியரே அதனை முடிவு செய்வார். சிறுநீர்த் தடைக்காக முதிய ஆண்கள் உண்ணும் தம்சுலோசின் என்னும் மருந்து கதிராளியைத் தளர்த்திச் சிகிச்சையின்போது இடர் விளைக்கும். முன்னர் உண்டு நிறுத்தியவரும் அதனைக் கூறுதல் வேண்டும்.

வன்னி மக்கள் கூற வேண்டிய செய்தி இன்னொன்றுண்டு. போர்க்காலத்தில் முகத்திலோ கண்ணருகிலோ வெடிகுண்டுச் சிதறல் பட்டிருப்பின், வடு ஆறிவிட்டது என்று வாளாவிருத்தலாகாது. விமானிகளின் கண்ணில் அமைதியாயிருந்தது பிளாஸ்ரிக். இரும்பும் செம்பும் அத்தகையன அல்ல; அவை கண்ணினுள் மெல்லக் கரைந்து விழித்திரைக்கு நஞ்சாகும். அடிபட்ட கண்ணில் வில்லையைத் தாங்கும் நுண்ணிழைகளும் அறுந்திருக்கலாம். வைத்தியர் முன்னரே அறிந்தால் அதற்கேற்ப ஆயத்தஞ் செய்வார். காந்தவலயப் படம் எடுக்க நேரின், உடம்பில் உலோகத் துண்டு உண்டு என்பதை அங்கும் கூறுதல் இன்றியமையாதது.

8. இரு கண்ணுக்கும் ஒரே நாளிற் செய்யலாகாதா?

பெரும்பாலும் ஒரு கண்ணுக்குச் செய்து, அது தேறிய பின்னரே மறு கண்ணுக்குச் செய்வர். அரிதாகக் கிருமி தொற்றினும் இரு கண்ணும் ஒருங்கே இடருக்குள்ளாகாதிருத்தல் இதன் பயன். முதற் கண்ணில் வில்லை எவ்வாறு பொருந்தியது என்று அறிந்து, மறு கண்ணின் வில்லையைத் திருத்தமாகத் தெரிதல் மற்றொரு பயன். சுந்தரமூர்த்தி நாயனார் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது நாம் அறிந்த வரலாறு. ஒன்று பெற்றபின் மற்றதையும் பெறாது விடலாகாது என்பதும் அதனால் நினைவுக்கு வரும். ஒரு கண்ணோடு அமைந்து, மறு கண்ணிற் புரையை முற்ற விட்டுத் துன்புறுவோர் பலர்.

9. பத்தியம் உண்டா? எத்தனை நாள் வேலை செய்யலாகாது?

உணவிற் பத்தியம் எதுவும் இல்லை. மீன், முட்டை, கத்தரிக்காய் ஆகியன புண்ணைச் சீழாக்கும் என்பது ஆதாரமற்றது. நீரிழிவுடையார் தமக்குரிய உணவுக் கட்டுப்பாட்டைக் கைவிடாதிருத்தலே போதும்.

பத்தியம் உணவில் இல்லாவிடினும் ஒழுக்கத்தில் உண்டு. கண்ணைக் கசக்கலாகாது. இரவிற் காப்பு மூடி அணிந்து உறங்குதல் வேண்டும். ஏறத்தாழ இரண்டு வாரம் தலையில் நீர் வார்க்காது, கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். குளத்திலும் வாய்க்காலிலும் முழுகுதல், நெல் தூற்றுதல், விறகு கொத்துதல், பாரமான மூட்டை தூக்குதல் ஆகியவற்றை ஒரு மாதம் வரை, வைத்தியர் இசையும் வரை, தவிர்த்தல் நன்று. அடுப்புப் புகையும் கற்பூரப் புகையும் ஆகா. திருநீறு அணிவோர் அது கண்ணில் உதிராதவாறு விரல் நுனியால் மெல்ல அணிக. நடத்தல், உண்ணல், வாசித்தல், தொலைக்காட்சி பார்த்தல் ஆகியவற்றுக்குத் தடையில்லை.

சொட்டு மருந்தே சிகிச்சையின் மறுபாதி. அதனை நான்கு முதல் ஆறு வாரம் வரை, எழுதித் தந்த முறைப்படி விடுதல் வேண்டும். முதலிற் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. புட்டியின் நுனி கண்ணிற் படலாகாது. இரண்டு மருந்து உண்டாயின் ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே ஐந்து நிமிடம் விடுக. பார்வை தெளிந்தது என்று இடையில் நிறுத்துதல் பெருந்தவறு. தனித்து வாழும் முதியவர்க்கு மருந்து விட ஒருவரை முன்னரே ஒழுங்கு செய்தல் வேண்டும். அயல்வீட்டு மாணவர் ஒருவர் கற்றுக்கொண்டாலும் போதும்.

10. மீண்டும் கண்ணாடி வேண்டுமா? புரை மீண்டும் வருமா?

வழக்கமாக வைக்கும் வில்லை தூரப் பார்வைக்கென அமைவது. ஆகவே வாசிப்பதற்கும் ஊசி கோப்பதற்கும் கண்ணாடி வேண்டியிருக்கும். புண் ஆறிக் கண் நிலைபெற ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஆறு வாரம் செல்லும். அதன் பின்னரே கண்ணாடிக்கு அளவு எடுத்தல் தகும்.

எடுத்த புரை மீண்டும் வளராது. ஆயினும் வில்லையின் பின்னே விட்டுவைத்த உறை, சிலர்க்குச் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மங்கும். அதனையே மக்கள் 'புரை திரும்பி வந்துவிட்டது' என்பர். இதற்கே லேசர் உதவுகின்றது. சில நிமிடங்களில் வெட்டின்றி, நோவின்றி, உறையில் வழி திறக்கப்படும்.

11. எவ்வேளை அஞ்ச வேண்டும்?

முதல் நாட்களிற் சிறு அரிப்பும் கண்ணீரும் மணல் உறுத்துவது போன்ற உணர்வும் இயல்பு. ஆனால் நோவு மிகுதல், சிவப்புக் கூடுதல், சீழ் வடிதல், தெளிந்த பார்வை மீண்டும் மங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். கண்ணினுட் கிருமி தொற்றுவது நன்கு நடாத்தப்படும் இடங்களில் ஆயிரத்தில் ஒருவர்க்கும் குறைவாகவே நிகழ்வது. நிகழ்ந்தால் மணித்தியாலக் கணக்கிற் கண் கெடும். மின்னல் போன்ற ஒளிக்கீற்று, கரும்புள்ளிகளின் மழை, ஒரு புறத்தே திரை இறங்குவது போன்ற நிழல் ஆகியன விழித்திரை கழன்றதன் குறிகளாம். அவையும் தாமதத்துக்கு இடந்தரா. 'அடுத்த கிளினிக் நாள் வரட்டும்' என்று காத்திருத்தல் கூடாது.

12. எல்லோர்க்கும் பார்வை திரும்புமா?

வேறு கண்நோய் இல்லாதவருட் பெரும்பாலோர்க்குத் திரும்பும். ஆனால் வில்லை ஒன்றே மாற்றப்படுகின்றது. விழித்திரையும் நரம்பும் மாற்றப்படுவதில்லை. நீரிழிவினால் விழித்திரை பழுதுற்றவர்க்கும், குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோயால் நரம்பு நலிந்தவர்க்கும் பயன் குறைவாகலாம். இதனை முன்னரே கேட்டறிந்தால் பின்னர் ஏமாற்றம் இராது. நீரிழிவுடையார் புரை இல்லாவிடினும் ஆண்டுதோறும் கண்ணைக் காட்டுதல் கடன்.

முதியவர் காத்திருக்கலாம்; குழந்தை காத்திருக்கலாகாது. பிறந்த குழவியின் கண்மணி வெண்மையாகத் தோன்றினால் உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். பார்க்கக் கற்கும் மூளை அம்முதல் வாரங்களிற் கற்காது போனால், பின்னர் வில்லை தெளிந்தாலும் பார்வை வளராது.

13. மல்லாவியிலிருந்து எங்கே செல்வது? எவ்வளவு செலவாகும்?

முதற்படி மல்லாவி ஆதார வைத்தியசாலையே. அங்கு பரிசோதித்துக் கண் வைத்திய நிபுணர் உள்ள வைத்தியசாலைக்குக் கடிதம் பெறலாம். மாங்குளத்தில் ஏ-9 வீதியை அடைந்தால் வடக்கே கிளிநொச்சியும் யாழ்ப்பாணமும், தெற்கே வவுனியாவும் உள்ளன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிற் கண் சிகிச்சைப் பிரிவு உண்டு. அரச வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வில்லை அங்கு கிடைக்குமா, வெளியில் வாங்க வேண்டுமா என்பதை மட்டும் முன்னரே கேட்டறிக. காத்திருப்போர் பட்டியல் நீளமாதலின், புரை கண்டவுடன் பெயரைப் பதிந்து வைப்பது அறிவுடைமை. கண் சிகிச்சை முகாமிற் செய்வித்துக்கொள்வோர், பின்னர் இடர் நேரின் எங்கே செல்வது என்பதைக் கேட்டு, சிகிச்சைச் சீட்டைப் பத்திரப்படுத்துதல் வேண்டும்.

உண்மையான செலவு பிரயாணமும், உடன் செல்பவரின் வேலையிழப்புமே. மறுநாட் பரிசோதனைக்கும் பின்னர் வரும் கிளினிக்குகளுக்கும் ஆள் வேண்டும். பலர் தடைப்படுவது அச்சத்தால் அன்று. 'பிள்ளைகளுக்கு ஏன் வீண் கரைச்சல்' என்னும் எண்ணத்தாலேயே.

14. இந்த வயதில் இனி எனக்கு எதற்கு?

இது வினா வடிவில் வந்த மறுப்பு. இதற்கு மருத்துவம் மட்டும் விடை கூற இயலாது. கண் தெரியாத முதியவர் மாலை மங்கலில் முற்றத்தே கிடக்கும் பாம்பை அறியார். படியிற் கால் தவறி இடுப்பெலும்பு முறிந்தால், அதன் பின் எழுந்து நடவாதாரும் உண்டு. குருதியமுக்கக் குளிகையையும் நீரிழிவுக் குளிகையையும் நிறம் தெரியாது மாற்றி உண்பர். அவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் தவற விடுகின்றது. பல இடப்பெயர்வுகளைக் கடந்தும் தம் கையாற் சமைத்துத் தம் காலில் நின்றவர்க்குப் பிறர் கையை எதிர்பார்த்திருத்தலே பெருந்துயர். ஆகவே அவர் கண் அவர்க்கு மட்டும் உரியதன்று. குடும்பம் முழுவதற்கும் உரியது. எண்பது வயதும் தொண்ணூறு வயதும் இச்சிகிச்சைக்குத் தடையல்ல.

இம்மலரை வாசிக்கும் மாணவர்கள் செய்யத்தக்க எளிய பணி ஒன்றுண்டு. வீட்டிலுள்ள முதியவரை வெளிச்சமான இடத்தில் இருத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் செய்து, மூன்று மீற்றர் தூரத்தில் நின்று விரல்களைக் காட்டி எண்ணச் சொல்க. பின்னர் மறு கண்ணையும் அவ்வாறே சோதிக்க. நல்ல கண் ஒன்று மற்றதன் குறையை மறைத்துவிடுமாதலின், ஒவ்வொன்றாகச் சோதித்தல் இன்றியமையாதது. அத்தூரத்தில் விரலை எண்ண இயலாத கண்ணை உலக சுகாதார நிறுவனம் குருட்டுக் கண் என்றே வகுக்கின்றது. அத்தகைய கண்ணைக் கண்டால், 'வயது போனால் அப்படித்தான்' என்று விடாது, அடுத்த கிளினிக் நாளில் உடன் அழைத்துச் செல்க. மருத்துவத்தால் மீளாத குருடு உண்டு. அதற்கு நாம் வருந்துவோம். மீளக்கூடிய குருட்டை மீளாததென விட்டுவிடுதல் நம் அறியாமையே. அவ்வறியாமையைப் போக்குதல் கற்றோர் கடனாகும்.